சாம்பிராணி விழுந்த பாட்டு

இன்று காலை பட்டாபிராமில் ரயில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். ஓர் ஆங்கிலப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். ஒரு பெண் தானே எழுதி, கிடார் வாசித்துக்கொண்டே பாடிய பழைய ஆல்பத்தில் வருவது.

இரண்டாவது சரணத்தில், பாதி வரியிலிருந்து வேறு வரிக்குத் தாவினார்.

நானும் அதே இடத்தில்தான் தாவுவேன். எண்பதுகளில் அம்பத்தூர் கடை ஒன்றில் பதிவு செய்து வாங்கிய என் கேசட்டில் அப்படித்தான் இருந்தது.

"இந்தப் பாட்டை எங்க சார் கேட்டீங்க?"

"எங்க ஊட்ல ரெக்கார்டே கீது. இன்னா விசயம்?"

கேசட் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அந்தக் கடைக்கு ரெக்கார்டு குடுத்ததே நான்தான் சார். வெள்ளிக்கெழம அம்மா சாம்பிராணி காட்டிகினு வந்தப்போ ஒரு தணல் அது மேல உழுந்துடுச்சு. அங்க வந்தா ஊசி தாவிடும்."

"ரெக்கார்டு பிளேயருக்குமா சாம்பிராணி?"

"ரேடியோ, டிவி, எல்லாத்துக்கும் காட்டுவாங்க."

போனில் முழுப் பாட்டையும் கேட்டபோது, நடுவில் யாரோ இரண்டு வரி சேர்த்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படித்தானாம்.

"ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வாங்க, போட்றேன். ஆனா ஒரு பக்கம் முடியற வரைக்கும் எழுந்துக்கக் கூடாது."

போகிறேன்.

உங்களில் யாராவது அந்தப் பாட்டில் தாவுகிறவர் என்றால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கும் அந்த அம்மாதான் சாம்பிராணி காட்டியிருக்கிறார்.