ஸ்கூட்டி நின்ற படலை

கமலாசனியின் சிவப்பு ஸ்கூட்டி எந்தப் படலை வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டுக்குள் நோய் புகுந்துவிட்டதென்று ஜெயபுரத்துச் சனம் முடிவு கட்டிவிடும். என்ன சனமோ! எச்.ஐ.வி. பற்றி ஊரூராகப் பேசி, கூலிக்குப் போகிற ஆண்களுக்கு ஆணுறை கொடுத்து, இரத்தம் சோதிக்கக் கிளிநொச்சிக்குக் கூட்டிப்போவதுதான் அவள் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறாள். அதற்கு ஊர் கொடுத்த பட்டம் ‘எயிட்ஸ் அக்கா’.

போன மாதம் இலட்சுமி வீட்டு வாசலில் ஸ்கூட்டியின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. அரை மணித்தியாலம் அங்கே நின்றதுதான் பிழை. இலட்சுமியின் மகளுக்குப் பேசிவந்த கலியாணமே குழம்பிப்போனது. மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்கம் சொல்லக் கிளம்பிய கமலாசனியை இலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஐயோ அக்கா, அங்கயும் போய் நிக்காதேங்கோ. அவையின்ர பேரும் கெட்டிடும்!”

அதைக் கேட்டு அதே ஒழுங்கையில் இருக்கிற ஜெயந்தன் கதிகலங்கிப்போனான். மேசன் வேலை. இரண்டு வருடமாக எச்.ஐ.வி.க்குக் குளிசை போடுகிறான்; மனைவி கௌசலாவைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கமலாசனி கிளினிக்கில் வாங்கி, அவன் வேலை செய்யுமிடத்தில் வைத்துக் கொடுப்பாள். இப்போது கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, கால் முறிந்து படுத்திருக்கிறான். கௌசலாவோ கைக்குழந்தைக்காரி; கிளினிக்வரை போய்வர ஏலாது.

“வீட்ட வராதேங்கோ அக்கா. எனக்குக் குளிசையே வேண்டாம்,” என்று போனை வைத்துவிட்டான். கையில் இருந்தது மூன்று நாளைக்கு மட்டும். குளிசையை விட்டவர்கள் எப்படிப் போனார்களென்று கமலாசனிக்குத் தெரியும்.

ஒரு வீட்டில் நின்றால்தானே கதை? ஒழுங்கையின் பதினாலு வீட்டிலும் நின்றால்? கௌசலாவுக்குப் போனில் எடுத்துச் சொன்னாள்: “எல்லாரும் என்னை ஏசிப் பேசுவினம். நீ பேசாட்டிக் கண்டுபிடிச்சிடுவினம். நல்லாப் பேசு, என்ன?”

மறுநாள் துண்டுப் பிரசுரங்களோடு முதல் படலையிலிருந்து தொடங்கினாள். தங்கம்மா நாயை அவிழ்த்துவிட்டாள். பிரேமிளா படலையை அடித்துச் சாத்தினாள். ஒன்பதாவது படலையில் கௌசலா குழந்தையோடு நின்றாள்.

“ஆர் உன்னை இஞ்ச வரச்சொன்னது? உன்ர எயிட்ஸ் வருத்தத்தை என்ர பிள்ளைக்கும் ஒட்டப் போறியோ? போ வெளியால!”

பிரசுரத்தைப் பறித்து, கிழித்து, கமலாசனியின் முகத்தில் எறிந்தாள். பிரசுரத்தின் அடியில் இருந்த குளிசைப் பை குழந்தையின் துணிக்குள் போய்விட்டது. கமலாசனி தானே சொல்லிக்கொடுத்த ஏச்சுத்தான். ஆனாலும் அந்தப் ‘பிள்ளைக்கும்’ என்ற சொல் அவள் சொல்லிக்கொடுக்காதது; அது அவளைச் சுட்டுவிட்டது.

“நல்லாக் குடுத்தாய் பிள்ளை!” என்று எங்கோ வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் பாராட்டியது.

கமலாசனிக்கு அப்படியே வீட்டுக்குப் போய்க் குப்புற விழுந்து அழவேண்டும் போலிருந்தது. இங்கேயே திரும்பினால் கடைசியாக நின்ற படலை எதுவென்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்தாவது படலையில் ஸ்கூட்டியை நிறுத்தி, “வீட்டுக்காரர்!” என்று கூப்பிட்டாள்.