அவர் சொல்லாமல் விட்ட ஏழாவது

போன வருஷம் வைகாசி நடுவில் எனக்கு இதய வால்வு மாற்றும் ஆபரேஷன் நடந்தது. தென்காசியில் பள்ளிக்கு நீண்ட லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மதுரை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். முந்தின நாள் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். கழுத்துக்குழிக்குக் கீழிருந்து மேல்வயிறு வரை தோலைக் கீறி, நடு நெஞ்செலும்பைச் சின்ன ரம்பத்தால் நெடுகப் பிளந்து, விரித்து வைத்துக்கொண்டு வால்வை மாற்றுவார்களாம். முடிந்ததும் எலும்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்களாம்.

"கம்பி சும்மா பிடிச்சுக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். சேர வேண்டியது எலும்பு. அதுக்கு மூணு மாசம் ஆகும்" என்றார்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். எனக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற என் கணவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எரிச்சல் எல்லாம் அதற்கப்புறம்தான்.

டிஸ்சார்ஜ் அன்று என்னை உள்ளே வைத்துத் தையலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் நர்ஸ் என் கணவரைக் கூப்பிட்டு, வீட்டில் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் சொல்லியிருக்கிறாள். அவர் கடை நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டார். தென்காசியில் அவருக்கு ரெடிமேட் துணிக்கடை. எதையும் எழுதி வைக்கிற பழக்கம்.

வீட்டுக்கு வந்ததும் படித்துக் காட்டினார். கையை ஊன்றி எழும்பக் கூடாது. குடம், குக்கர், ஒன்றும் தூக்கக் கூடாது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இப்படி ஒன்பது சொன்னார். ஒன்பதையும் அட்சரம் பிசகாமல் செய்தேன்.

ஆனி பிறந்ததும் சாரல் கட்டியது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் எங்கள் சொந்தக்காரர்களுக்கு நாங்கள் ஞாபகத்துக்கு வருவோம். அந்த வருஷம் அவர்களுக்கு இரட்டைச் சௌகரியம். குளித்த மாதிரியும் ஆச்சு, நோயாளியைப் பார்த்த மாதிரியும் ஆச்சு. ஈரத்துண்டோடு வருவார்கள். ஒரு கிலோ ரம்புட்டான் பழத்தை என் கால்மாட்டில் வைப்பார்கள். "எங்கன இருந்து எங்கன வரைக்கும் அறுத்தாவ? காட்டு" என்பார்கள். ஆண்கள் நிற்கும்போதே கேட்பார்கள். ரம்பம் மின்சாரத்தில் ஓடுமா, கையால் அறுப்பார்களா என்று ஒருவர் அரைமணி நேரம் விசாரித்தார்.

என் கணவரின் அக்கா, ராயகிரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்தார். ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரம் சொட்டச் சொட்ட நேரே என் கட்டிலுக்கு வந்தார்.

"படுத்தே கெடந்தா நீர் கோத்துக்கிடும். எழும்பு ஏட்டி" என்று என் இரண்டு கைகளையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

நான் போட்ட கூச்சலில் வேன் டிரைவர் உள்ளே வந்துவிட்டான். "சும்மா தொட்டதுக்கே இப்படிக் கத்துதாளே" என்றார் மதினி, தம்பியைப் பார்த்து.

நாலைந்து நாளில் இருமினால் நெஞ்சுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது மட்டுமில்லை, கை வைத்தால் தெரியவும் செய்தது. தையலின் கீழ் முனையில் நைட்டி ஈரமாகிக்கொண்டே இருந்தது.

"புண்ணு ஆறும்போது அப்படித்தான் இருக்கும்" என்றார் கணவர்.

"எந்த டாக்டர் சொன்னாவ?"

மறுநாள் காய்ச்சல் அடித்தது. மதுரைக்குக் கிளம்பினோம்.

டாக்டர் என் நெஞ்சின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து இருமச் சொன்னார். அவர் முகம் மாறியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். கீழே இருந்த இரண்டு கம்பிகளும் எலும்பை அறுத்துக்கொண்டு வந்துவிட்டன, உள்ளே சீழும் பிடித்திருக்கிறது என்றார். நூலை வைத்து இழுத்தால் சோப்பு அறுபடுவதுபோல அறுபட்டிருக்கிறதாம்.

"உள்பாடி விடாம போட்டிருந்தீங்கதானே? ராத்திரி பகல் ரெண்டு நேரமும்?"

"இல்லையே டாக்டர். தையல் எரியுதுன்னு நைட்டி மட்டும்தான் போட்டிருந்தேன்."

"டிஸ்சார்ஜ்ல சொல்லியிருப்பாங்களே! கனமான உடம்புள்ள பொம்பளைங்களுக்கு அது ரொம்ப முக்கியம்மா. மார்போட கனம் ரெண்டு பக்கமும் தையலை இழுக்கும். கீழ்முனைதான் முதல்ல விடும்."

நான் திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒண்ணு மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. கையைப் பிடிச்சு வேற இழுத்ததா சொல்றீங்க" என்றார் டாக்டர்.

"இது என் நெஞ்சு டாக்டர். என்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

வார்டுக்கு வந்ததும் கணவரிடம் நோட்டைக் கேட்டேன். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். பத்து எண்கள் போட்டிருந்தார். ஏழுக்கு நேரே 'உ' என்று ஒரே எழுத்து. அதன் பிறகு ஒரு புள்ளி.

"இது என்னது?"

"அந்த நர்ஸ் சின்னப் பிள்ள. சுத்தி ஆளு நிக்காங்க. சரி சரின்னு தலைய ஆட்டிட்டேன்."

"அவ கிட்ட பேச வேண்டாம். எங்கிட்ட சொல்லுததுக்கு என்ன?"

"எப்படிச் சொல்லுதது?"

"இருபத்தாறு வருஷமா என்கூடக் குடும்பம் நடத்துதீங்க. கடையில அதுக்குன்னு ஒரு சுவரே வச்சிருக்கீங்க!"

"அது வியாபாரம்லா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் நெஞ்சு குலுங்கும், 'டக்' என்னும். அதனால் அழவும் முடியவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

மறுபடி திறந்தார்கள். அறுந்த எலும்பின் ஓரத்தைச் சுத்தம் செய்து, கழுவி, காயத்தில் ஸ்பாஞ்சு வைத்து மூடி, சீழை உறிஞ்சும் மிஷினைக் குழாய் வழியே மாட்டினார்கள். அது என் தலைமாட்டில் ஐந்து நாள் உறுமிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் புதுக் கம்பிகளை எலும்பில் குத்தாமல் எலும்பைச் சுற்றி, எட்டு என்ற எண்ணைப்போல் வளைத்து முறுக்கிக் கட்டினார்கள். முதல் தடவை மயக்கம் தெளிந்தபோது பிழைத்துவிட்டேன் என்று சந்தோஷம் இருந்தது. இந்தத் தடவை கோபம்தான் இருந்தது. ஒரு வார்த்தைக்காக இவ்வளவா?

கணவர் பரிகாரம் தேடினார். கடைக்குப் போன் போட்டு, உள்பாடியில் எல்லா அளவிலும் ஒவ்வொன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. அத்தனையும் முதுகில் கொக்கி. கையைப் பின்னால் கொண்டு போகக் கூடாது என்பது அவர் நோட்டில் ஆறாவதாக, அவர் கையெழுத்திலேயே இருந்தது. கடைசியில் நர்ஸ்தான் எதிர்க்கடைக்குப் போய் முன்பக்கம் மாட்டுவதாக, அகலப் பட்டை வைத்ததாக வாங்கி வந்தாள். போட்டு விட்டதும் நெஞ்சை யாரோ இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்ததுபோல் இருந்தது. இருமிப் பார்த்தேன். வலித்தது, ஆனால் பிய்க்கவில்லை.

இரண்டாவது டிஸ்சார்ஜில் நர்ஸை என் கட்டிலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் நானே கேட்டேன். வெட்கப்படுகிற கேள்விகளையும் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் மதினி போனில், "நான் வந்து பாத்துட்டுப் போகட்டா?" என்றார். "எலும்பு சேர்ந்த பிறகு வாங்க மதினி" என்றேன். அவருக்கு வருத்தம். இருக்கட்டும்.

கார்த்திகையில் மதுரையில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருந்தது. திரும்பி வரும்போது சிவகிரியில் காரை நிறுத்தி டீ வாங்கி வந்தார் கணவர். எனக்குச் சீனி இல்லாமல்.

"இன்னும் கோவமா இருக்கியா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். டீ சூடாக, நன்றாக இருந்தது. குடித்து முடித்ததும் கிளம்பினோம்.