முட்டைக் கட்டுப் போட்ட டயர்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி சுகுணா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தியவேட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் சைக்கிள்தான். பின் டயர் கிழிந்துவிட்டது. பஞ்சரே ஆகாத டயராக வேண்டுமாம், விலையும் கம்மியாக இருக்க வேண்டுமாம்.

"ஆயா, இதப் பாரேன். ஊர்ப்பட்ட பேரு சூப்பருன்னு எழுதிகிறாங்க."

"எழுதனவங்க யாராச்சும் நம்ம ஊரு முள்ள பாத்துகிறாங்களாடி?"

அவள் அப்போதுதான் பஞ்சர் ஒட்டி வைத்திருந்த ட்யூபிலிருந்து சொல்யூஷன் வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், எனக்குப் புத்தூர் ஸ்டேஷன் ஞாபகம் வந்துவிடும். நான் அங்கே மல்லிகைப் பூ விற்றவள். அப்படியானால் பூ வாசனையில்தானே ஞாபகம் வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். என்ன செய்ய, அந்த நாளில் என் கை பூவைத் தொட்டதைவிடப் பஞ்சரைத் தொட்டதுதான் அதிகம்.

ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு ஐந்து மைல், வழியெல்லாம் வேலிகாத்தான் முள். கட்டின பூவைக் கூடையில் வைத்து, கேரியரில் இறுக்கி, நானே மிதித்துப் போவேன். பொம்பளை சைக்கிள் விடுவதை முதல் வாரம் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாவது வாரம் அலுத்துப்போய் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். திருப்பதி போகிற காலை ரயில் வந்ததும் ஜன்னல் ஜன்னலாக ஓடி விற்க வேண்டும். மலைமேல் பூவெல்லாம் பெருமாளுக்குத்தான், நாம் தலையில் வைக்கக்கூடாது என்று ரயிலில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பொம்பளைகளுக்கும் தெரியும். இருந்தாலும் ஆளுக்கு இரண்டு முழம் வாங்குவார்கள். ரேணிகுண்டா வரைக்குமாவது அழகாக இருக்க வேண்டாமா? பெருமாளும் அதுவரை கண்டுகொள்ள மாட்டார்.

பிளாட்பாரத்தில் குழாயடிதான் ராஜ இடம். பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம், லேடீஸ் பெட்டியும் நேராக அங்கே வந்துதான் நிற்கும். சாக்கு விரித்து உட்காருகிற அந்த இடம் என்னுடையது. ஆனால் பூக்காரிகள் நாங்களே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரே மாதத்தில் மூன்று நாள் ரயிலைத் தவறவிட்டால், இடத்தை அடுத்தவளுக்கு விட்டுவிட வேண்டும். எனக்கு அடுத்தவள் முனியம்மா. அந்த மாதம் பஞ்சரால் எனக்கு இரண்டு நாள் போயிருந்தது. அதிலிருந்து அவள் என் டயரை, பெற்ற பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரிப்பாள்.

"இன்னாக்கா, டயரு நல்லா கீதா?"

"அது நல்லா கீது. நீ உன் சாக்க மடிச்சி வை."

ஊரில் சைக்கிளே இல்லாதவர்கள்தான் டயருக்கு அதிகம் யோசனை சொன்னார்கள். ஒருவர் ட்யூபைக் கழற்றிவிட்டு வைக்கோல் அடைக்கச் சொன்னார். இன்னொருவர் முள்ளைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்றார். அஞ்சு மைலும் முள்ளுதானே, அப்புறம் சைக்கிள் எதற்கு என்று கேட்டேன். "கூடைய வெக்கத்தான்" என்றார்.

அதே மாதம் ஒரு சாயங்காலம் பின் டயர் பக்கவாட்டில் கிழிந்தே போனது. எங்கள் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். புத்தூர் பக்கத்துக்காரர் இல்லையா, கை கால் முறிந்தால் கட்டுப் போடுகிற ஊர்.

"மனுசன் எலும்பே கூடுது, ரப்பரு கூடாதா?" என்றார்.

முட்டை வெள்ளையில் துணியை நனைத்து, பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, டயரையும் ரிம்மையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். நான் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன்.

"கட்டு பிரேக்குல இடிக்குதே?"

"பிரேக்க கழட்டிட்டேன்."

"அப்ப எப்டி நிக்கறது?"

"நிக்காத. நின்னா ரயிலு போயிடும்."

மறுநாள் காலை சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் நான் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தேன். முட்டை வாசனைக்கு நாய்கள் துரத்தின. பொய் சொல்லக்கூடாது, அந்த நாய்களால்தான் பாதி தூரம் சீக்கிரம் போனேன். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் மூங்கில் பிளந்து, துணி அவிழ்ந்து, செயினில் சுற்றிக்கொண்டது. நான் முள்ளில் விழுந்தேன். சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினேன். ரயில் வந்து நின்றிருந்தது. குழாயடியில் முனியம்மாவின் சாக்கு விரித்துக் கிடந்தது.

நான் கூடையை இறக்கும்போதே ரயில் நகர்ந்தது. கடைசி ஜன்னலில் ஒரு அம்மாள் கை நீட்டினாள். ஒரு முழத்தை எறிந்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். காசு கொடுப்பதற்குள் போய்விட்டாள்.

"காசு வாங்கனியா? வாங்கல. அப்ப வியாபாரம் ஆவல. மூணாவது நாளு!" என்றாள் முனியம்மா.

"பூ போச்சில்ல?"

"நானும் தூக்கிப் போடுவேன், போவும்."

பூக்காரிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். கடைசியில் இருக்கிறதிலேயே மூத்தவள் சொன்னாள்: "அந்தம்மா தலையில வெச்சத நான் பாத்தேன். தலைக்கு ஏறனா வித்த மாதிரிதான். சாக்க எடுடீ."

திரும்பி வரும் வழியில் பால்காரர் கங்கையா நாலு கேனோடு எதிரே வந்தார். அதே முள்ளில் தினமும் போகிறவர், அவர் பஞ்சர் ஒட்டி யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. நான் கேட்டேன்.

"பளபளன்னு கீறத வாங்காதம்மா, கனமா கீறத வாங்கு. பழைய ட்யூப கிழிச்சி டயருக்கு உள்ள போடு. காத்து கல்லு மாதிரி வெச்சிக்க. சாயங்காலம் ஒக்காந்து முள்ள புடுங்கு. அவ்ளோதான்."

அன்றைக்கே முழங்கையில் முள்ளோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் வெள்ளைக் கோடு போட்ட டயரை எடுத்து, அதன் பக்கவாட்டில் இருந்த எழுத்தைக் காட்டினார்.

"சூடம்மா, இங்க பாரு, பஞ்சரே ஆவாதுன்னு போட்டுக்குது."

"எனக்குப் படிக்கத் தெரியாது நைனா. முள்ளுக்கும் தெரியாது."

மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு கறுப்பு டயரைக் கட்டை விரலால் அழுத்தினேன். விரல்தான் வலித்தது. மூட்டை ஏற்றுகிறவர்கள் வாங்குவது, விலையும் அந்த வெள்ளைக் கோட்டைவிடக் கம்மி. முன் சக்கரத்துக்கும் ஒன்று வாங்கச் சொன்னார். கையிலிருந்த காசு ஒன்றுக்குத்தான். பாரம் பின்னால்தானே உட்காருகிறது என்று பின்னுக்குப் போட்டேன்.

அதற்கப்புறம் குழாயடி பல வருஷம் என்னிடமே இருந்தது. அந்த டயர் தேய்ந்து அடுத்ததும் அதே ஜாதியில் வாங்கினேன். சுகுணாவிடமும் அதையே தேடச் சொன்னேன். பிறகு ஸ்டேஷன் ரோட்டை அகலம் பண்ணினார்கள், அந்த வழியில் இருந்த முள் வேலியெல்லாம் போயிற்று. ரயில் பெட்டிகளுக்குத் திறக்க முடியாத கண்ணாடி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் அசையும், என்ன கேட்கிறார்கள் என்று தெரியாது. அவர்கள் கை காட்டி முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும்.

முழங்கால் போய் நான் பூ விற்பதை நிறுத்திய அன்று, முனியம்மாவைக் கூப்பிட்டு அவள் சாக்கை நானே குழாயடியில் விரித்தேன்.

"இப்ப எதுக்குக்கா?" என்றாள். "ஜன்னலே தொறக்கறதில்ல."

ஆனாலும் உட்கார்ந்து பார்த்தாள். என்னையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரயில் வந்தது, போனது. நாங்கள் இரண்டு பேரும் எழுந்து ஓடவில்லை.