ஆனி கடைசி வெள்ளிக்குள் ஒரு லாரி

லாரிக்கு பாடி கட்டுகிற தொழிலில் எல்லோருக்கும் அவரவர் வேலை தெரியும். அடுத்தவர் வேலை எப்போது முடியும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளத்தான் கூட்டம். மீட்டிங் என்றதும் கொட்டாவி வருகிற உங்கள் எல்லோருக்கும் என் அனுதாபம். நானும் உங்கள் கட்சிதான். இருபது வருடம் பத்திரிகைக்காகக் கூட்டங்களுக்குப் போய், யார் வரவேற்றார், யார் நன்றி கூறினார் என்று எழுதியவன். இப்போது நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் மேனேஜர். கூட்டத்தை நானே நடத்த வேண்டியதாயிற்று.

அந்த ஆனி மாதம் பரமத்தி வேலூர் செல்வராசுவின் வண்டி எங்களிடம் நின்றது. பதினெட்டு வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டியவர். இது முதல் சொந்த வண்டி. ஆடியில் புது வண்டி எடுக்கமாட்டார். ஆனி கடைசி வெள்ளியை விட்டால் வண்டி ஒரு மாதம் சும்மா நிற்கும்; அவருக்கென்று பேசி வைத்த வாழைத்தார் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். கையில் இருந்தது மூன்று வாரம். எங்கள் முந்தைய வண்டிகளில் ஒன்றுகூட சொன்ன நாளில் வெளியே போனதில்லை. "மீட்டிங் போட்டுத்தான் பாருங்களேன்" என்றார் முதலாளி.

ஏசி அறை

முதல் கூட்டத்தை முதலாளியின் ஏசி அறையில் வைத்தேன். என்னென்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதி முந்தின நாளே கொடுத்திருந்தேன். வந்தவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கிரீஸ் பட்ட உடுப்பு சோபாவில் பட்டுவிடக் கூடாதென்று சுவரோரமாக நின்றார்கள். முதலாளி நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் வந்த மூன்று போனையும் எடுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். 'அனைவரும் ஒப்புக்கொண்டனர்' என்று குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வெல்டர்களுக்குத் தலைவரான அர்த்தநாரி, இந்த வாரம் முடிப்பதாகத் தலையாட்டிய வேலைக்கு இரும்புச் சட்டமே இன்னும் வரவில்லை என்றார். அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"செருப்பக் கழட்டி வெச்சுட்டு வந்தமுங்க சார். பேச்சும் அங்கயே நின்னுக்கிச்சு."

டீ குடிக்கிற நேரம்

அடுத்த வாரம் செல்வராசுவின் வண்டிக்குப் பக்கத்திலேயே கூட்டம். நாற்காலி கிடையாது. டீ குடித்து முடிப்பதற்குள் பேச்சும் முடிய வேண்டும். முதலாளியின் போன் அவர் மேஜையிலேயே இருந்தால் நல்லது என்றும் மெதுவாகச் சொன்னேன். முறைத்தார், ஆனால் வைத்துவிட்டு வந்தார்.

"ஏதாச்சும் பிரச்சினை இருக்குதுங்களா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க" என்று வரிசையாகப் பதில் வந்தது. அதிகாரிகளிடம் பல வருடம் கேட்டுச் சலித்த பதில். கேள்வியை மாற்றினேன்: "இப்ப நீங்க எதுக்காகக் காத்துட்டு இருக்கீங்க?" உடனே வாய் திறந்தது. மர வேலைக்காரர் அர்த்தநாரிக்காகக் காத்திருந்தார். அர்த்தநாரி இரும்புச் சட்டத்துக்காகக் காத்திருந்தார். சட்டமோ இரண்டு நாளாக ஸ்டோரில் கிடந்தது.

"ஏம்மிணி, வந்தா வந்துச்சுன்னு சொல்றதில்லையா?" என்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற சுமதியிடம் எகிறினார் அர்த்தநாரி. சுமதி டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஆர்டர் போட்டாச்சான்னு தெனமும் கேட்டீங்கண்ணா. வந்துச்சான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

கூப்பிடாத ஆள்

மூன்றாவது தப்பு முழுக்க என்னுடையது. பெயின்டர் காதர் பாய் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை செய்பவர். எங்கள் ஆள் பட்டியலில் பெயர் இல்லாததால் அவரை நான் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. கயிறு கட்டும் கொக்கிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் இல்லாமலேயே முடிவெடுத்தோம்.

பாய் வண்டியின் பக்கவாட்டு இரும்புத் தகட்டுக்கு நீலம் அடித்து, மஞ்சளில் செல்வராசுவின் மகள் பெயரை எழுதி முடித்தார். மறுநாள் சனிக்கிழமை காலை, கூட்டத்தில் முடிவானபடியே அர்த்தநாரி உள்பக்கமாகக் கொக்கிகளை வெல்டிங் வைத்தார். வெளியே பெயின்ட் கொப்புளித்தது. 'தர்ஷினி'யில் பாதி கருகிவிட்டது. வெள்ளிக்கு ஆறு நாள்தான் இருந்தது. பாய் கத்தவில்லை. பிரஷைத் துடைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"உங்க மீட்டிங் பூரா என் பெயின்ட் மேலதான் நடந்திருக்கு சார். என்னைத் தவிர எல்லாரும் வந்திருக்காங்க."

பாய் கையில் சாக்பீஸ்

அதே இடத்தில் அப்போதே கூட்டினோம். செல்வராசுவிடம் இரண்டு நாள் தள்ளிக் கேட்கலாமா என்று முதலாளி போனை எடுத்தார். "ஆடி நம்மளக் கேட்டுட்டா பொறக்கப் போகுதுங்க?" என்றார் சுமதி. போன் சட்டைப்பைக்குத் திரும்பியது.

சாக்பீஸைப் பாயிடம் கொடுத்தேன். பட்டறைச் சுவரில் வெள்ளியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்தார். வியாழன் காய வேண்டும், யாரும் தொடக் கூடாது. செவ்வாய் மாலையும் புதனும் பெயின்ட். செவ்வாய் மத்தியானத்துக்குள் வயரிங். அப்படியானால் திங்கள் சாயங்காலத்துக்குள் நெருப்பு வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். ஒரு ஆளை வைத்து நடக்காது என்று அர்த்தநாரி சண்டைக்கு வந்தார். பக்கத்து வண்டியிலிருந்து இன்னொரு வெல்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. ஒவ்வொரு நாளுக்கும் நேராகப் பொறுப்பாளியின் பெயரை எழுதினோம். எங்கள் கூட்டங்களிலேயே இரைச்சலானதும் சீக்கிரம் முடிந்ததும் இதுதான்.

"வியாழக்கெழம வண்டியப் பாக்கவாச்சும் வரலாமா பாய்?" என்று கிண்டலாகக் கேட்டார் அர்த்தநாரி.

"வாங்கண்ணே. கையக் கட்டிக்கிட்டு வாங்க."

எலுமிச்சம்பழம் நசுங்கியபோது

வெள்ளிக்கிழமை காலை வண்டி மாலையோடு நின்றது. பெயர் புதிதாகப் பளபளத்தது. தர்ஷினி எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தாள். செல்வராசு சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். எல்லோரும் ஒன்றாக நிற்பதைக் கண்ட முதலாளிக்கு ஒரு உற்சாகம். "ஒரு அஞ்சு நிமிசம்" என்று தொண்டையைச் செருமி, ஒற்றுமையைப் பற்றி ஆரம்பித்தார். செல்வராசு கேபினிலிருந்து தலையை நீட்டினார்.

"மீட்டிங்க மத்தியானம் வெச்சுக்கோங்க மொதலாளி. பத்தரைக்கு ராகு காலம் வந்துருமுங்க."

இன்றைக்கும் எங்கள் கூட்டங்களில் யாரும் யாரோடும் எளிதில் ஒத்துப்போவதில்லை; வண்டிகள் மட்டும் சொன்ன நாளில் கிளம்பிவிடுகின்றன.