மாப்பிள்ளையின் மைக் செட்

என் வீட்டுப் பரணில் ஓர் அலுமினியக் குழாய் ஸ்பீக்கர் இருக்கிறது. வாய்ப்பக்கம் ஒரு தேங்காய் அளவுக்கு நசுங்கியிருக்கும். ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவும்போதெல்லாம் என் மனைவி அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாம் என்பாள். நான் காதில் விழாதது போல இருந்துவிடுவேன். குழாய் என் தங்கை புருஷனுடையது. அந்த நசுங்கல் மட்டும் என்னுடையது.

அறுபதுகளில் திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. வாய் நிறைய மாப்பிள்ளை, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டாலும் எங்களுக்குள் வா, போ தான். நான் காலை ரயிலில் அம்பத்தூர் போய் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பேன். சாயங்காலம் திரும்பினால் கட்சி மேடை. அவருக்கும் கட்சி உண்டு, என்னுடையதற்கு நேர் எதிர்க் கட்சி. எவை என்று சொன்னால் இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அடுத்த வரிக்கு வரமாட்டீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். எனக்கு நாக்கு நீளம். கூட்டம் கை தட்டினால் இன்னும் ஒரு முழம் நீளும்.

அவர் செட் எல்லாக் கட்சிக்கும் போகும். எதிராளி பேச்சும் ஊர்க்காதில் தெளிவாக விழவேண்டும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பிடிவாதம். எங்கள் கூட்டத்துக்கு நல்ல மைக்கைக் கொடுத்துவிட்டுத் தங்களுக்குக் கரகரக்கிற மைக்கைக் கட்டியதாக அவர் கட்சிக்காரர்களே குறைபட்டுக்கொண்டது உண்டு. கூட்டத்துக்குச் செட் கேட்டு வருகிற எல்லாரிடமும் ஒரே நிபந்தனைதான் சொல்வார்.

“கட்சியத் திட்டு, தலைவரத் திட்டு, இன்னா வேணா திட்டிக்க. ஊட்டுப் பொம்பளைங்கள இழுத்தா லைன் கட்டு. அப்பால வந்து என்னாண்ட பேஜாரு பண்ணக்கூடாது.”

எல்லாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தேர்தல். கடம்பத்தூரில் எங்கள் கூட்டம். மாப்பிள்ளை கட்சியின் வேட்பாளர் வீடு அங்கிருந்து ஒரு தெரு தள்ளி. அவருடைய மகள் புருஷனோடு வாழாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருந்த சமயம் அது. ஊரே வாய்க்குள் மென்றுகொண்டிருந்த விஷயம். முன்வரிசை விசில் அடிக்க அடிக்க எனக்குத் தலைகால் புரியவில்லை. “பெத்த பொண்ணையே…” என்று ஆரம்பித்தேன். மீதியை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கும் அது யார் காதிலும் விழவில்லை. குழாய் செத்துவிட்டது. நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்க, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மேடையிலிருந்து குதித்தேன். பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்த குழாயைக் கயிற்றோடு பிடுங்கிக் கருங்கல்லில் அடித்தேன். மாப்பிள்ளை ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். “சொல்லித்தான மச்சான் வாடகைக்கு உட்டேன்?” என்றார். அவ்வளவுதான்.

மறுநாளே எங்கள் கிளையில் முடிவாகிவிட்டது. எதிர்க்கட்சிக்காரன் சதி செய்துவிட்டான், இனி அவன் செட் வேண்டாம் என்று. அதை முதலில் சொன்னவன் நான்தான். தேர்தல் மாதத்து வாடகைப் பணத்தில்தான் தங்கை குடும்பம் அந்த வருஷ மழைக்காலத்தைத் தாண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். தங்கை கைக்குழந்தையோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

“அவரு கட்சிக்காவ செய்யலண்ணா. எந்தக் கட்சியா இருந்தாலும் கட் பண்ணியிருப்பாரு.”

“பண்ணுவாரு, பண்ணுவாரு. பாக்கலாம்” என்றேன். அவள் உள்ளே வராமலே போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மணவாள நகரில் அவர் கட்சிக் கூட்டம். வேடிக்கை பார்க்க எதிர்ச்சாரி டீக்கடையில் போய் நின்றேன். வெளியூர்ப் பேச்சாளர், வெண்கலக் குரல். எங்கள் வேட்பாளரைக் கிழிகிழியென்று கிழித்தார்; எதிரி என்றாலும் பேச்சு பேச்சுதான், நானே ரசித்தேன். பிறகு பேச்சு வேட்பாளரின் மனைவி பக்கம் திரும்பியது. முதல் வார்த்தைதான் வந்தது. குழாய் செத்தது.

நானாவது குழாயை அடித்தேன். அவர் கட்சிப் பையன்கள் அவரையே அடித்தார்கள். சொந்தக் கட்சிக்கே துரோகம் செய்தவனாம். கூட்டம் கலைந்தபின் கிழிந்த சட்டையோடு மைதானத்தில் அவர் மட்டும் குனிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் தெருவைத் தாண்டிப் போய் மறுமுனையிலிருந்து சுருட்ட ஆரம்பித்தேன். நடுவில் வந்து சேர்ந்துகொண்டோம். அவர் உதடு வீங்கியிருந்தது.

“இப்போ ரெண்டு கட்சியிலயும் எனக்கு எடமில்ல மச்சான்” என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு சொன்னார்: “அன்னிக்கு கடம்பத்தூர்ல நான் குந்திக்கினு இருந்த எடத்துலேர்ந்து அந்த ஊட்டு மாடி தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு கொடியில துணி எடுத்துக்கினு இருந்துச்சு. உன் பேச்சு காதுல உழுந்ததும் அப்டியே நின்னுடுச்சு. நான் இன்னா பண்றது, சொல்லு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தில் வந்த அழுகை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன். சில வருஷத்தில் அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அந்தக் குறை இன்னும் எனக்குள் இருக்கிறது.

அந்தத் தேர்தலின் எங்கள் கடைசிக் கூட்டத்துக்கு அரக்கோணத்திலிருந்து செட் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை செட் இல்லையென்றால் மேடை ஏறமாட்டேன் என்றேன். கிளைச் செயலாளர் முறைத்தார். வேறு பேச்சாளர் அகப்படாததால் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை அந்த நசுங்கிய குழாயையே கட்டினார். பட்டறையில் கொடுத்து நிமிர்த்தித் தருகிறேன் என்றதற்கு, “இருக்கட்டும், சத்தம் ஒண்ணும் கொறையல” என்றார். முக்கால் மணி நேரம் பேசினேன். நடுவில் ஒரு தரம் நாக்கு பழைய பக்கமே சரிந்தது. கீழே அவர் கை ஆம்ப்ளிஃபயர் குமிழுக்குப் போவது தெரிந்தது. சட்டென்று பேச்சை அரிசி விலைக்குத் திருப்பிவிட்டேன். கை இறங்கியது.

அந்தத் தேர்தலில் நாங்கள் தோற்றோம். மாப்பிள்ளை லட்டு எடுத்துக்கொண்டு முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார், வெறுப்பேற்ற. இரண்டு தின்றேன். பிற்காலத்தில் பள்ளிக்கூட விழாக்களில் நல்ல குடிமகன் என்ற தலைப்பில் பேசக் கூப்பிடுவார்கள். ஓட்டு, வரி, வரிசையில் நிற்பது என்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்வேன். மனதில் ஓடுவது என்னவோ அந்தக் கைதான். தன் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்ட மனிதர், அதற்காக எவர் வீட்டுப் பெண்ணையும் தெருவில் இழுத்து நிறுத்தச் சம்மதிக்கவில்லை.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. குழாயைத் தங்கைதான் கொடுத்தாள். இப்போது ஆளுக்கொரு மைக் கையிலேயே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருப்ப ஆளில்லை. போன வாரம் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எங்கள் தலைவரைப் பற்றி ஏதோ போட்டிருந்தார். எண்பது தாண்டியும் எனக்கு நாக்கின் நீளம் குறைந்தபாடில்லை. அவர் வீட்டு மருமகளைத் தொட்டு ஒரு வரி அடித்தேன். உள்ளதைச் சொல்கிறேன், வரி நன்றாகவே வந்திருந்தது. அனுப்பப் போகும்போது பரணில் அந்த நசுங்கல் கண்ணில் பட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் விரல் அப்படியே நின்றது. பிறகு அழித்தேன்.

“இம்மாம் நேரமா மச்சான்?” என்று மாப்பிள்ளை கேட்டிருப்பார்.