படி அரிசிக்குப் பன்னிரண்டு சிரட்டை

என் மச்சான் மஹ்மூதுக்கு வேலை போனபோது வயது நாற்பத்தேழு. அதில் இருபத்துநாலு வருஷத்தைத் தோணியிலேயே கழித்தவர். கீழக்கரை முதலாளி ஒருவருடைய பாய்மரத் தோணியில் அவர் பண்டாரி. பத்துப் பேருக்குச் சோறாக்கிப் போடுகிற வேலை. இங்கிருந்து கூரை ஓடும் கருவாடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார்கள், அங்கிருந்து கொப்பரையோ பாக்கோ ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். சுதந்திரம் வந்தது, நல்ல விஷயம்தான். அதன் பின்னாலேயே பாஸ்போர்ட், விசா, பெர்மிட் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. முதலாளி நாலைந்து வருஷம் மல்லுக்கட்டிப் பார்த்தார். முடியவில்லை. ஐம்பத்துமூன்றில் தோணியை விறகுக்கு உடைக்கக் கொடுத்துவிட்டார்.

மச்சான் ஒரு தகரப் பெட்டியோடு புதுமடத்துக்கு வந்து இறங்கினார். ஊரில் இறங்கினார் என்பதைவிட என் தலையில் இறங்கினார் என்று சொல்வதுதான் சரி. அவருடைய பெண்சாதி நூர் நிஷா என் கூடப்பிறந்த ராத்தா. நான் பாக்கர், பள்ளிவாசல் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் கடையிலேயே உட்கார வைத்துப் பித்தான் தைக்கக் கொடுத்தேன். தோணியில் கிழிந்த பாய்களைத் தைத்துப் பழகிய கை அல்லவா, மனிதர் தைத்த தையலில் சட்டை கிழிந்தாலும் பித்தான் வராது. ஆனால் ஒரு சட்டைக்கு ஒரு பொழுது ஆகும். அப்புறம் உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடையில் சேர்த்துவிட்டேன். கடைக்காரன் தன் மகன் வயசுக்காரன், வாய்யா போய்யா என்கிறான் என்று பதினெட்டாம் நாள் வந்துவிட்டார். கருவாட்டு மூட்டை தூக்கப் போனார், இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் நான் சத்தம் போடுவேன். அவர் 'சரி மாப்ளே' என்பார். அந்த நாட்களில் எதற்கும் அவர் சொன்னது அது ஒன்றுதான்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். இருபத்துநாலு வருஷத்தில் அவர் வீட்டில் தங்கிய நாளையெல்லாம் கூட்டினாலும் நாலு வருஷம் தேறாது. ராத்தா தனியாக ஓலைப்பெட்டி முடைந்து, மகள் சல்மாவை வளர்த்து, வேதாளையில் கட்டிக் கொடுத்தவள். அவளுக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. இவர் விடிவதற்கு முன்னால் எழுந்து வாசலில் நின்றுகொண்டு, இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று அறிவிப்பார். எந்தப் பக்கம் அடித்தால் ஓலைப்பெட்டிக்கு என்ன? தோணியில் நல்ல தண்ணீரை அளந்து புழங்கிய பழக்கத்தில், ராத்தா இரண்டாவது குடத்தைச் சாய்த்தால் அதற்குள்ளேயா என்பார். ராத்தா என் கடைக்கு வந்து பொரிந்து தள்ளுவாள். நானும் சேர்ந்துகொள்வேன். இந்த மனுஷன் அவளுக்குப் பாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்படியே ஒரு வருஷம் போனது. நோன்புக்குப் பத்து நாள் முன்பு, தோணியை நடத்திய தண்டல் கொழும்பிலிருந்து ஆள் அனுப்பினார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ ஆள் வேண்டுமாம். பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் மாரியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வள்ளம் புறப்படுகிறது, காகிதம் எதுவும் வேண்டாமாம். காகிதம் இல்லாமல் போகிறவன் காகிதம் இல்லாமல் எப்படித் திரும்புவான்? பிடித்தால் ஜெயில். அப்படிப் போனவர்களில் எங்கள் தெருக்காரர் ஒருவர் ஆறு வருஷமாக முகம் காட்டவில்லை. மச்சான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ராத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் அந்த வருஷம் படுத்த படுக்கையாக இருந்தார். நிர்வாகம் பார்க்கிற ஹமீது சுல்தானிடம் போய் நின்றேன். கண்டிப்பான ஆள், ஆனால் நியாயம் தெரிந்தவர். கஞ்சி காய்ச்சட்டும் பார்க்கலாம் என்றார். மாதம் முழுக்க ஒழுங்காக நடந்தால், பெருநாளுக்குப் பிறகு மதரஸாவில் தங்கி ஓதுகிற நாற்பது பேருக்கும் வருஷம் முச்சூடும் சமைக்கிற வேலை மச்சானுக்குத்தான் என்றார். அது கிடைத்துவிட்டால் கொழும்பும் வேண்டாம், ஜெயிலும் வேண்டாம். சமையல்காரருக்குச் சமையல் வேலை, இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்று நிம்மதியாக வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தேன்.

நோன்பு அந்த வருஷம் கத்திரி வெயிலில் வந்தது. முதல் நாள் மாலை பாங்கு சொன்னதும் நாக்கு வறண்டு கிடந்த அத்தனை பேரும் பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்தோம். ஒரு வாய் குடித்தேன். எதிரே இருந்தவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அரிசி பதமாக வெந்திருக்கிறது, பூண்டும் வெந்தயமும் மணக்கிறது, தேங்காய்ப்பால் தாராளமாக இருக்கிறது. உப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை.

தொழுகை முடிந்ததும் அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். இருபத்துநாலு வருஷம் பண்டாரியாக இருந்த மனுஷன் உப்பை மறப்பாரா, ஊரார் மத்தியில் என் மானத்தை வாங்குவாரா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அவர் கஞ்சிக் கிடாரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தோணியில நான் உப்பே போட்டதில்ல மாப்ளே. நல்ல தண்ணி பீப்பாயில இம்புட்டுத்தான் இருக்கும். அதுனால கால்வாசிக்குக் கடல் தண்ணியத்தான் மோந்து ஊத்துவேன். உப்பு அதுலயே வந்துரும். உப்புன்னு தனியா ஒண்ணு போடணுங்கிறதே நெனப்புல இல்ல."

இதற்கு யாரைத் திட்டுவது? கடலையா?

ருசி பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மார்க்கம் படித்த ஆலிம்ஷாவிடம் கேட்டோம். சமைக்கிறவர் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், விழுங்காமல் இருந்தால் நோன்பு முறியாது என்றார். மச்சான் ஒப்பவில்லை. பயணத்தில் இருக்கிறவனுக்குச் சலுகை உண்டு என்று தோணியில் எத்தனையோ நோன்பை விட்டவர் அவர். கரையில் பிடிக்கிற முதல் முழு மாசம் இது, இதிலாவது நாக்கில் எதையும் வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். அந்தப் பிடிவாதத்தை டீக்கடையில் காட்டியிருக்கலாம்.

இரண்டாம் நாள் பயத்தில் கையால் அள்ளிப் போட்டிருக்கிறார். எத்தனை கை என்று அவருக்கே தெரியவில்லை. குடித்தவர்கள் தொழுகைக்கு முன்னால் கிணற்றடிக்கு ஓடினார்கள். ஹமீது சுல்தான் தன் கோப்பையை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மூன்றாம் நாள் பிற்பகல், அசர் தொழுகை நேரத்திலேயே கஞ்சி வாங்கப் பெண்கள் தூக்குவாளியோடு வந்துவிட்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கொஞ்சம் வாங்கிப்போக, கரையில் மீன் விற்கிற சோணையம்மாளும் வந்திருந்தாள். அவள் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, இன்னைக்கிக் கஞ்சி அமிர்தமா இருக்கு என்றாள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அத்தோடு அவள் போயிருக்கலாம். ஹமீது சுல்தானும் அங்கே நிற்க, மத்தியானம் கண்டதையும் சேர்த்துச் சொன்னாள். உங்கள் பண்டாரி ரெண்டு குடத்தோடு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார், நான் மனுஷன் உயிரை விடத்தான் போகிறார் என்று நினைத்துக் கூப்பாடு போட்டேன், அவர் பாட்டுக்குத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்துவிட்டார் என்றாள்.

ஹமீது சுல்தான் அடுப்படிக்கு வந்து குடத்தில் விரலை விட்டு மோந்து பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். தொழப் போகுமுன் கடல் தண்ணீரில் கைகால் கழுவி ஒளு செய்யலாமே, அது சுத்தம்தானே என்று மச்சான் முனகினார். நடுக்கடல் தண்ணீர் சுத்தம்தான், நம் ஊர்க் கரையில் காலையில் ஊரே எதற்கு ஒதுங்குகிறது என்று உமக்குத் தெரியாதா என்று அவர் கேட்டார். கஞ்சி ருசி சரியாகத்தான் இருக்கிறது, அதில் குற்றமில்லை, ஆனால் நாளைக்குக் கடை உப்பில் இதே ருசி வரவேண்டும் என்றார் ஹமீது சுல்தான். வராவிட்டால் உச்சிப்புளியிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவருவதைத் தவிர வழியில்லை, மதரஸா வேலையும் அந்த ஆளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு ஒருநாள்தான் கையில் இருந்தது.

மறுநாள் காலை நான் ராத்தா வீட்டுக்குப் போனேன். மச்சான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தகரப் பெட்டி பக்கத்தில் திறந்து கிடந்தது, கைலியை மடித்து வைத்திருந்தார்.

"எனக்கு அலுத்துப்போச்சு மாப்ளே" என்றார். "இந்த வயசுல உப்புப் போடக் கத்துக்கிட்டுத் திரியிறேன். தட்டுக் கழுவுறதுக்கு ருசி பாக்க வேண்டியதில்ல. நான் போயிர்றேன்."

நான் திட்ட வாயெடுத்தேன். என் மச்சானைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அதுதான் உண்மை.

ராத்தா ஓலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். தோணியில் காலைக் கஞ்சிக்கு ஒரு படி அரிசிக்கு எத்தனை தேங்காய்ச் சிரட்டை கடல் தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், பன்னிரண்டு என்றார். என்னைப் போய்க் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தேன். சிரட்டையால் பன்னிரண்டு அளந்து மண்சட்டியில் ஊற்றி, அடுப்பில் வைத்து, தண்ணீர் முழுக்கச் சுண்டும்வரை தீயைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். நல்ல வெயில், நோன்பு வாய், அடுப்புச் சூடு வேறு. எனக்குக் கடையில் பெருநாள் சட்டைகள் குவிந்து கிடந்தன. இருந்தாலும் நகராமல் உட்கார்ந்திருந்தேன். சட்டி அடியில் கடைசியாக வெள்ளையாகக் கொஞ்சம் மிஞ்சியது. அதைச் சுரண்டி எடுத்து ஆற வைத்து, மச்சானின் வலது கையை இழுத்து உள்ளங்கையில் கொட்டினாள். கையை மூடச் சொன்னாள். ஒரு பிடி, அவருடைய பிடிக்குச் சரியாக இருந்தது. அதைக் கொட்டிவிட்டுக் கடை உப்பை அதே அளவு எடுக்கச் சொன்னாள். கொட்டச் சொன்னாள். மறுபடி எடுக்கச் சொன்னாள். பத்துத் தடவைக்கு மேல் இருக்கும்.

"இம்புட்டுத்தான். படிக்கு ஒரு பிடி. பள்ளிக்கு எட்டுப் படி அரிசி, எட்டுப் பிடி. நாக்கு எதுக்கு?" என்றாள். அவர் கையை அவள் விடவில்லை. "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு இருவத்துநாலு வருசம் சொல்லிட்டேன். இந்தத் தடவ சொல்ல மாட்டேன்."

"இம்புட்டு நாளும் ஒண்ணும் சொல்லலயே நீ" என்றார் மச்சான்.

"இப்பச் சொல்றேன்ல."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பாரமாம் பாரம். இத்தனை வருஷம் கூடப்பிறந்தவளைப் புரிந்துகொள்ளாத என்னை எதால் அடிப்பது?

அன்று மாலை கஞ்சியைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. குடித்தார்கள், கோப்பையை வைத்தார்கள், தொழப் போனார்கள். ஹமீது சுல்தான் இரண்டாவது கோப்பை கேட்டு வாங்கினார். மறுநாளும் யாரும் எதுவும் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நோன்பு மாசத்தில் கஞ்சியைப் பற்றிப் பேச்சு எழவில்லை என்றால் கஞ்சி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். மச்சான் மட்டும் வாடிப்போய்விட்டார். வெயிலில் கிடாரத்தைக் கிண்டிக் கிண்டி முழங்கை வரைக்கும் சூட்டுக் கொப்புளம். எப்படி இருக்கிறது என்று கேட்டால், கை வலிக்கிறது என்பார். சந்தோஷமாக இருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இருபத்தேழாம் நோன்பன்று முற்பகல் ஹமீது சுல்தான் என் கடைப் படியேறி வந்தார். மதரஸா அடுப்படிச் சாவியை என் மேஜையில் வைத்தார். பெருநாள் கழிந்து நாலாம் நாள் வந்துவிடச் சொல்லும் என்றார். நான் துணியை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

மச்சான் தரையில் வெறும் பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. குறட்டை தெருவரை கேட்டது. நான் சாவியை ஆட்டிக்கொண்டு அவர் தோளை உலுக்கக் குனிந்தேன். ராத்தா பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாவியைப் பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"எழுப்பாத பாக்கரு" என்றாள். "சாயங்காலம் சொல்லிக்கலாம். எங்க போயிறப் போறாக."