ஒரு வில்லுக்கு மூன்று சண்டை

வில் செய்கிறவனிடம் எல்லாரும் மரத்தின் பெருமையைத்தான் பேசுவார்கள். வளையுமா என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் என் போன்ற பாவிகளே, கேளுங்கள். அடையாறில் வில்வித்தை வகுப்பு நடத்தும் டீச்சரம்மா, பழைய முறையில் ஆளுயர வில் கேட்டார். ஒடியாத ஒன்றைக் காட்டினால் வகுப்பு மொத்தத்துக்கும் ஆர்டர் எனக்கு. இல்லையென்றால் கே.கே. நகர் பட்டறையில் மறுபடி கட்டில் கால் கடையவேண்டியதுதான்.

பர்மா தேக்கு

தி. நகரில் இடித்துக்கொண்டிருந்த வீட்டின் கதவு நிலையை, மேஸ்திரியோடு தொண்டை வறளப் பேரம் பேசித் தூக்கிவந்தேன். இழைத்ததும் தங்கமாக மின்னியது. டீச்சரம்மா நாணைக் காதுவரை இழுத்தார். படார்! இரண்டு துண்டு. அங்கேயே நின்று மேஸ்திரியைத் திட்ட ஆரம்பித்தேன். டீச்சரம்மா ஒரு துண்டைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “விடுங்கண்ணே, நிலையா நின்னே பழகின மரம். திடீர்னு வளைன்னா?”

கருங்காலி யோகம்

மகளை அந்த வகுப்பில் சேர்த்திருந்த மயிலாப்பூர் மாமா ஒருவர் என்னை ஓரங்கட்டினார். “கருங்காலில பண்ணுங்கோ ஸார். மாலையாப் போட்டுண்டாலே சனி ஒதுங்கிடறான்.” பண்ணினேன். உளி மழுங்கியது, என் பொறுமையும்தான். நாணேற்ற நானும் மாமாவும் சேர்ந்து தொங்கியும் அது இம்மி அசையவில்லை. “இது வில்லா, உலக்கையா?” என்று கத்தினேன். மாமா அசரவில்லை. “வளையலேன்னா என்ன ஸார், ஆத்துல வாசலுக்கு மேல மாட்டிண்டுடறேன். திருஷ்டிக்கு ஆச்சு.”

பாதி விலை

கடைசியாக மூங்கில் கடைக்குப் போனேன். “முத்தின மூங்கில், ஆளுயரம், கோணல் இருக்கக் கூடாது, இப்பவே வேணும்” என்றேன், வழக்கமான கடுகடுப்போடு. கடைக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் பேரத்துக்கு வாயைத் திறக்குமுன் விலையைப் பாதியாக்கினார். என் வாழ்க்கையில் முதல் தடவை! பிறகு குரலை இறக்கி, “வூட்ல யாரு நைனா?” என்றார். பாடை கட்டத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். “யாரும் சாகலம்மா! வில்லு செய்யப் போறேன்!” என்று எரிந்து விழுந்தேன். நீட்டிய மூங்கிலை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “இன்னாது, வில்லா? அப்போ சாவு ரேட்டு கெடியாது நைனா. முழு ரேட்டை எடு.”

முழு விலை

அந்த மூங்கிலைப் பிளந்து, நிழலில் காயவைத்து, வெளித்தோலைத் தொடாமல் உள்பக்கம் மட்டும் சீவினேன். டீச்சரம்மா இழுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். படார் இல்லை; தூரத்து வைக்கோல் பொதியில் தொப்பென்று ஒரு சத்தம். ஆர்டர் என்னுடையது! ஜம்மென்று விலையைச் சொன்னேன். அவர் சிரித்தார்: “என்னண்ணே, மூங்கில்தானே? கொஞ்சம் பார்த்துப் போடுங்க.”

கத்த வாயெடுத்தபோது கட்டில் கால்கள் கண்முன் வந்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு விலையைக் குறைத்தேன். இத்தனை மரத்தையும் வளைத்துப் பார்த்ததில் ஒடியாமல் வளைந்தவை இரண்டுதான்: மூங்கிலும் நானும்.